மாதச் சம்பளத்தில் வளர்ந்த கலை

அனிமேஷன் குறும்படங்களின் வரலாற்றில் ஒரு கதை திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது: கையில் காசில்லாத கலைஞர் வேறு வழியின்றிப் புது உத்தியைக் கண்டுபிடிக்கிறார். நார்மன் மெக்லாரனின் இளமை இதற்குப் பொருத்தமாகவே இருக்கிறது. 1930களில் கிளாஸ்கோ கலைப் பள்ளி மாணவராக இருந்தபோது, பழைய படச்சுருளைத் தண்ணீரில் ஊறவைத்து, அதிலிருந்த பூச்சை நீக்கி, வெறும் சுருளின் மேலேயே மையால் வரைந்தார். கேமராவே தேவைப்படவில்லை. உத்தி வறுமையில் பிறந்தது என்பதை மறுக்கத் தேவையில்லை. ஆனால் பிறந்த உத்திகளில் பெரும்பாலானவை ஒரே படத்தோடு முடிந்துபோகின்றன. மெக்லாரனின் உத்தி முப்பது ஆண்டுகளுக்கு மேல் வளர்ந்ததற்குக் காரணம், ஓர் அரசு அவருக்கு மாதாமாதம் சம்பளம் கொடுத்ததுதான்.

1939இல் தொடங்கப்பட்ட கனடா தேசியத் திரைப்பட வாரியத்துக்கு ஜான் கிரியர்சன் தலைமையேற்றார். பிரிட்டிஷ் அஞ்சல் துறையின் படப்பிரிவை முன்பு நடத்தியவரும் அவரே. படச்சுருளில் நேரடியாக வண்ணம் தீட்டி லென் லை 1935இல் எடுத்த ‘எ கலர் பாக்ஸ்’ அந்த அஞ்சல் துறைக்கான விளம்பரம்தான். 1941இல் மெக்லாரனைக் கனடாவுக்கு அழைத்தவர் கிரியர்சன். அங்கே 1955இல் வந்த ‘பிளிங்கிட்டி பிளாங்க்’ படத்துக்காக, கறுப்புச் சுருளைக் கத்தி முனையால் கீறிக் கோடுகள் வரைந்தார் மெக்லாரன். நொடிக்கு 24 சட்டங்கள் (பிரேம்கள்) ஓடும். அவற்றில் பலவற்றைத் தொடாமல் கறுப்பாகவே விட்டார். மின்னி மறையும் இரண்டு கோடுகளுக்கு நடுவிலுள்ள இருட்டைப் பார்ப்பவரின் கண்ணே நிரப்பிக்கொள்கிறது. கான் விழாவில் குறும்படத்துக்கான உயரிய விருது இதற்குக் கிடைத்தது. கரோலின் லீஃபின் கதையும் இப்படித்தான். மணலில் படமெடுக்கும் முறையை ஹார்வர்டில் படிக்கும்போதே அவர் தொடங்கிவிட்டார். கீழிருந்து ஒளி பாயும் கண்ணாடியில் மணலைப் பரப்பி, விரலால் ஒதுக்கி உருவமாக்கி, மேலிருக்கும் கேமராவில் ஒரு சட்டம் எடுத்து, அதையே கலைத்து அடுத்த அசைவைச் செய்ய வேண்டும். முந்தைய படம் அழிந்துவிடும். பிழை நேர்ந்தால் திரும்பிப்போக வழியில்லை. இப்படி வேலை செய்பவருக்கு நாள் கணக்குப் பார்க்காத முதலாளி வேண்டும். வாரியத்தில் சேர்ந்த பிறகு, கண்ணாடிமேல் ஈர வண்ணத்தில் அவர் எடுத்த ‘தி ஸ்ட்ரீட்’ 1976இல் வந்தது.

அரசுப் பணம் பிரச்சாரத்தில்தான் போய் முடியும் என்பார்கள். போர்க்காலத்தில் சேமிப்புப் பத்திரங்களுக்காக மெக்லாரனும் படம் எடுத்தார், உண்மை. ஆனால் வேலிப் பூவுக்காக இருவர் அடித்துக்கொண்டு சாகும் ‘நெய்பர்ஸ்’ படத்தை, கொரியப் போர் நடந்த 1952இல் அதே வாரியம்தான் வெளியிட்டது. அதில் பெண்களும் குழந்தைகளும் தாக்கப்படும் காட்சியை நீக்கச் சொல்லி நெருக்கியவர்கள் வெளிநாட்டு விநியோகஸ்தர்கள். வியட்நாம் போர்க் காலத்தில்தான் அது மீண்டும் படத்தில் சேர்ந்தது.

இதைவிட வலுவான ஆட்சேபம் இந்தியாவிலிருந்து வருகிறது. இங்கும் பிலிம்ஸ் டிவிஷன் அரசுப் பணத்தில்தான் இயங்கியது. டிஸ்னியில் பணியாற்றிய கிளேர் வீக்ஸ் 1950களில் பம்பாய்க்கு வந்து அதன் கார்ட்டூன் பிரிவினருக்குப் பயிற்சி அளித்தார். திறமைக்குப் பஞ்சமில்லை. ஆனால் பெரும்பாலான படங்களுக்குக் குடும்பக் கட்டுப்பாடு போன்ற ஒரு செய்தியைச் சுமக்கும் கடமை இருந்தது. எனவே சம்பளம் மட்டும் போதாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பயன் கேட்காமல் விட்டுவைக்கும் மனமும் வேண்டும். அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்திலிருந்து போன இஷு படேல், ஆயிரக்கணக்கான பாசிமணிகளை நகர்த்தி நகர்த்தி 1977இல் ‘பீட் கேம்’ படத்தை முடித்தது கனடாவில்தான். அதே 1970களில் வாரியம் ஊசித்திரை ஒன்றையும் விலைக்கு வாங்கியிருந்தது: 2 லட்சத்துக்கும் மேற்பட்ட ஊசிகளின் நிழலால் படம் வரையும் அலெக்ஸீஃப், கிளேர் பார்க்கர் தம்பதியின் கருவி. வணிக ஸ்டுடியோ எதுவும் அதில் லாபம் பார்த்திருக்க முடியாது. அதில் ஜாக் துரூவான் பல ஆண்டுகள் படம் எடுத்தார். அவருக்குப் பின் மிஷேல் லெமியூ அதே கருவியில் செய்த படம் 2012இல் வெளியானது.