அமுங்கும் பொருளும் ஒலியின் வேகமும்



திடம், திரவம், வாயு என்னும் மூவகைப் பொருள்களில் எளிதில் அமுங்குவது வாயுவே என்பதை நீங்கள் அறிவீர்கள். ஒரு வளிமண்டல அழுத்தத்திலுள்ள காற்றின்மீது அதே அளவு அழுத்தத்தை மேலும் சேர்த்தால், வெப்பநிலை மாறாதிருக்கும்போது, அதன் பருமன் பாதியாகும். அதே அழுத்தத்தால் தண்ணீர் ஏறத்தாழ 22,000இல் ஒரு பங்கே சுருங்கும். இரும்போ 15,00,000இல் ஒரு பங்குகூடச் சுருங்காது. இத்துணை நுண்ணிய வேறுபாட்டை அறிய ஒலியே அளவுகோலாக அமைந்த வரலாற்றை இன்று கூற விரும்புகிறேன்.

ஒலி ஒரு பொருளினூடே செல்லும்போது அப்பொருள் அடுத்தடுத்து அமுங்கியும் விரிந்தும் வருகிறது. அடர்த்தி மிகுந்தால் ஒலியின் வேகம் குறையும். பொருள் அமுங்க மறுத்தால் வேகம் கூடும். இவ்வுண்மையைக் கொண்டு காற்றில் ஒலியின் வேகத்தை நியூட்டன் கணித்து, 1687இல் வெளியிட்டார். பீரங்கி ஒலியைக் கொண்டு நேரில் அளந்தவர்களுக்கோ மிகுதியான வேகமே கிடைத்தது. கணக்கு, உண்மையினும் நூற்றுக்கு 15 அளவில் குறைந்து நின்றது. பேரறிஞர் கணக்கை நம்புவதா, அளந்து கண்டதை நம்புவதா? நூற்றாண்டுக்கு மேல் இச்சிக்கல் நீடித்தது.

1816இல் பிரெஞ்சு அறிஞர் லாப்லாஸ் விடை கண்டார். ஒலியலையில் காற்று விரைந்து அமுங்குவதால் சூடேறுகிறது. அச்சூடு வெளியேறப் பொழுதில்லை. ஆகவே, நியூட்டன் கருதியதைவிட வலுவாகக் காற்று அமுக்கத்தை எதிர்க்கிறது.

இந்த அளவைப் பணியில் நம் தமிழகத்துக்கும் பங்குண்டு. 1820, 1821 ஆம் ஆண்டுகளில் சென்னை வானாய்வு நிலையத்தின் தலைவர் ஜான் கோல்டிங்ஹாம், செயின்ட் ஜார்ஜ் கோட்டையிலும் ஐந்து மைலுக்கு அப்பாலுள்ள பரங்கிமலையிலும் சுடப்பட்ட பீரங்கிகளின் ஒளியைக் கண்டு, ஒலி வந்து சேரும் நேரத்தை அளந்தார். வெப்பநிலையையும் காற்றின் போக்கையும் உடன் குறித்தார். கிடைத்த வேகம் விநாடிக்கு 1,100 அடிக்கு மேல். அதுவும் லாப்லாஸ் பக்கமே நின்றது. எங்கள் போலகத்திலிருந்து நாகூர்க் கந்தூரி வாணவெடியைக் காண்போரும் ஒளி முந்துவதையும் ஒலி பிந்துவதையும் அறிவர்.

தண்ணீரின் கதை என்ன? 1826இல் ஜெனிவா ஏரியில் கொலடானும் ஸ்டர்மும் நீருக்கடியில் மணியடித்து, ஒலியின் வேகம் விநாடிக்கு 1,435 மீட்டர் எனக் கண்டனர். அதற்கும் முன்பே, 1808இல், பாரிசின் இரும்புக் குழாய்களில் பியோ என்பவர் ஆராய்ந்திருந்தார். குழாயின் ஒரு முனையில் தட்டினால் மறுமுனையில் இரண்டு ஓசைகள் கேட்டன. இரும்பின் வழி வந்தது முதலில்; காற்றின் வழி வந்தது பின்னர். இரும்பில் ஒலி காற்றினும் பத்து மடங்குக்கு மேல் விரைந்தது. இரும்பு காற்றினும் பல்லாயிரம் மடங்கு அடர்த்தியுள்ளது. எனினும் ஒலி அதில் முந்துகிறதென்றால், அது அமுங்க எவ்வளவு மறுக்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள்.

1935இல் பெங்களூரில், திருச்சிராப்பள்ளியில் பிறந்த இராமனும் நாகேந்திர நாத்தும், திரவத்தில் செல்லும் நுண்ணொலி அலைகள் ஒளியைச் சிதறச் செய்யும் விதத்தை விளக்கினர். அவ்வொளியைக் கொண்டு ஒலியின் வேகத்தையும், அதிலிருந்து திரவத்தின் அமுங்குந் தன்மையையும் அறியலாம்.

நியூட்டன் மீதுள்ள மதிப்பு இதனால் குறையவில்லை. ஆயினும், எத்துணைப் பெரியவர் சொன்ன கணக்காயினும் அது அளவையின் முன் நின்று விடை கூறவேண்டும். மாணவர்களாகிய நீங்கள் மனத்தில் கொள்ளத்தக்க பாடம் இதுவே.