தளவாய் அரியநாத முதலியார்

பதினாறாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் எலிசபெத் அரசியின் அவையில் பணிபுரிந்து, போருக்குச் சென்று, நாடாளுமன்றத்திலும் அமர்ந்த பிரபுக்களுக்கு இணையான ஒருவரை மதுரையில் தேடினால், நாயக்கர் அரசின் தளவாயும் பிரதானியுமாக, அதாவது படைத்தலைவரும் முதலமைச்சருமாக விளங்கிய அரியநாத முதலியாரே முன்னிற்கிறார். நாடாளுமன்றம் ஒன்றுதான் இங்கே இல்லை. தொண்டை மண்டலத்து வேளாளரான அவர், விசுவநாத நாயக்கர் தொடங்கி அடுத்தடுத்த அரசர்களிடமும் பணியாற்றினார்.

அவர் பெயரை நிலைநிறுத்தியது பாளையப்பட்டு முறையாகும். பாளையம் என்பது படை வைத்திருக்கும் கடமையோடு ஒரு தலைவருக்கு விடப்பட்ட நிலப்பகுதி; அதன் வருவாயில் ஒரு பங்கு அரசுக்கும், ஒரு பங்கு படைச் செலவுக்கும், எஞ்சியது பாளையக்காரருக்கும் உரியது என்பது பொதுவாகச் சொல்லப்படும் ஏற்பாடு. பாளையங்கள் 72 என்றும், மதுரைக் கோட்டையின் 72 கொத்தளங்களில் ஆளுக்கொன்றைக் காக்கும் பொறுப்பு பாளையக்காரர்களுக்கு இருந்தது என்றும் மரபு கூறும். எண்ணின் பொருத்தம் சற்று மிகையாகவே தோன்றுகிறது. வைகைச் சமவெளிக்கு அப்பாலிருந்த வறண்ட நிலத்துத் தலைவர்களைப் பகைவராக்காமல் பங்காளிகளாக்கியது கூர்மையான அரசியல். ஆயினும் மைய அரசு தளர்ந்தபோது அதே தலைவர்கள் தனியரசர்களாயினர், பிற்காலத்தில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பினியாரோடு மோதியவர்களும் அவர்களே.

மீனாட்சியம்மன் கோயிலில் 1569-ஆம் ஆண்டு எழுந்த ஆயிரங்கால் மண்டபம், 985 தூண்களோடு, அவர் கட்டியதாக அறியப்படுகிறது. குதிரை மீதமர்ந்த அவரது சிலை அதன் வாயிலில் உள்ளது.