குடிகள் அரசான நாள்

ஆண்டுதோறும் சனவரித் திங்கள் 26-ஆம் நாள் காலையில், அடுகோடியின் தெருமுனைகளிலும் பள்ளி முற்றங்களிலும் மூவண்ணக் கொடி ஏறுகின்றது. சிறுவர் இனிப்புப் பெற்று மகிழ்ச்சியோடு இல்லம் திரும்புகின்றனர். அவருள் ஒருவன், “ஆகஸ்டு 15-ஆம் நாளே நாம் விடுதலை பெற்றுவிட்டோமே, மீண்டும் ஒரு விழா எதற்கு?” என்று வினவின், விடை கூறத் தயங்கும் பெரியோர் பலராவர். பிறந்த மண்ணை விட்டுப் பெயர்ந்து வந்து இந்நகரில் வாழும் நமக்கோ, அவ்விடையை அறிதல் மிகவும் இன்றியமையாதது.

1929-ஆம் ஆண்டின் இறுதியில், இலாகூரில் நேருவின் தலைமையில் கூடிய காங்கிரசு மாநாடு, முழு விடுதலையே நாட்டின் குறிக்கோள் என முழங்கியது. அதன்படி 1930 சனவரி 26-இல் நாடெங்கும் மக்கள் உறுதி பூண்டனர். பின்னர் ஆண்டுதோறும் அந்நாளே விடுதலை நாளாகப் போற்றப்பட்டு வந்தது. ஆனால் விடுதலை வந்ததோ 1947 ஆகஸ்டு 15-இல். அரசியல் நிர்ணய சபை 1949 நவம்பர் 26-இல் அரசமைப்பை ஏற்றுக்கொண்டது. குடியுரிமை முதலிய சில பிரிவுகள் அன்றே நடைமுறைக்கு வந்தன. ஏனைய பிரிவுகள் இரண்டு திங்கள் காத்திருந்தன. மக்கள் உறுதி பூண்ட பழைய நாளின் பெருமை மங்கலாகாது என்பதே அதற்குக் காரணம்.

1947-இல் விடுதலை எய்தினோம் எனினும், முடியாட்சி முற்றும் நீங்கவில்லை. ஆறாம் சார்சு மன்னரின் பெயராலேயே நாடு ஆளப்பட்டது. அவர்தம் சார்பாளராகக் கவர்னர் செனரல் வீற்றிருந்தார். அப்பதவியில் இறுதியாக அமர்ந்தவர் இராசாசி. அடுகோடி வழியே செல்லும் ஒசூர்ச் சாலையில் நாளும் நடக்கின்றோம். அச்சாலை சென்று சேரும் ஒசூருக்கு அணித்தேயுள்ள தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்தவர் அவர். இப்பெங்களூரின் சென்ட்ரல் கல்லூரியில் பயின்றவர். 1950 சனவரி 26 காலை 10 மணி 18 நிமிடத்திற்குத் தில்லி தர்பார் மண்டபத்தில், இந்தியா குடியரசாயிற்று என்னும் அறிவிப்பைப் படித்தவர் அவரே. சில நிமிடங்களில் இராசேந்திர பிரசாத் முதற் குடியரசுத் தலைவராகப் பொறுப்பேற்றார். மன்னரின் சார்பாளரே மன்னராட்சியின் முடிவை அறிவித்த விந்தையை என்னென்பது!

தில்லியில் நிகழ்ந்த இம்மாற்றம் பெங்களூருக்கு இருமடங்கு பொருளுடையது. ஏனெனில் இந்நகரம் நெடுங்காலம் இரண்டு ஆட்சிகளின் கீழ்ப் பிரிந்து கிடந்தது. 1809-இல் அமைந்த தண்டுப் பகுதியில், சென்னைப் படையோடும் அதனைச் சார்ந்த தொழில்களோடும் வந்த தமிழர் பெருந்தொகையினராய்க் குடியேறினர். 1881-இல் மைசூர் நாடு உடையார் குடியிடம் மீண்டபோதும் தண்டு மட்டும் ஆங்கிலேயர் கையிலேயே நின்றது. ஒரு பகுதியார் மகாராசாவின் குடிகள். மறு பகுதியார் ஆங்கில ரெசிடெண்டின் ஆணைக்குட்பட்டோர்.

விடுதலைக்கு இருபது நாள் முன்னர், 1947 சூலை 26-இல், தண்டு மைசூரோடு இணைந்தது. அவ்வாண்டிலேயே பொறுப்பாட்சி வேண்டி மைசூர் மக்கள் கிளர்ந்தெழ, அக்டோபரில் கே. சி. ரெட்டியின் அமைச்சரவை அமைந்தது. 1949-இல் நகரத்தையும் தண்டையும் ஒன்றாக்கி மாநகராட்சி தோன்றியது. அவ்வாண்டு நவம்பர் 25-இல் சயசாமராசேந்திர உடையார், இந்திய அரசமைப்பே தம் நாட்டிற்கும் உரியது எனப் பிரகடனம் செய்தார். குடியரசு மலர்ந்த நாளில் அவர் இராசப்பிரமுகர் ஆனார். நகரத்தாரும் தண்டினரும், மன்னரும் மக்களும் ஒரே சட்டத்தின் கீழ் நின்றனர். குடியே அரசாயிற்று, ‘குடியரசு’ என்னும் நம் சொல்லின் பொருளும் அதுவேயன்றோ!

அச்சட்டம் நமக்கு அளித்தது யாது? இந்தியாவின் எப்பகுதியிலும் வாழவும் குடியமரவும் 19-ஆம் பிரிவு உரிமை தந்தது. பிறந்த இடம் பற்றி அரசுப் பணியில் வேற்றுமை காட்டலாகாது என 16-ஆம் பிரிவு விதித்தது. தம் மொழியைப் பேணிக்கொள்ளும் உரிமையை 29-ஆம் பிரிவு அளித்தது. 1951-52 தேர்தலில், எழுதப் படிக்க அறியாத கூலியாளும் அவன் மனைவியும் செல்வர்க்கு நிகராக வாக்களித்தனர். ஒண்டவந்தோர் என்னும் பெயர் சட்டத்தின் முன் மறைந்தது; உரிமையுடையோர் என்னும் பெயர் நிலைத்தது.

ஆயினும் ஏட்டில் எழுதிய உரிமை நெஞ்சில் எழுதப்படாவிடின் நிலைக்குமோ? அரசியலில் சமத்துவம் இருப்பினும், வாழ்வில் சமத்துவம் இன்றேல் மக்களாட்சிக்கு ஊறு நேரும் என, உடையாரின் பிரகடனம் வெளிவந்த அதே நாளில் அம்பேத்கர் எச்சரித்தார். அண்டை வீட்டாரிடையே அன்பு குன்றினும் ஊறு நேரும் என்பதை 1991-இல் காவிரிப் பூசலின்போது கண்ணீரோடு கண்டோம். அவ்வாண்டு அல்சூரில் நிறுவப்பட்ட திருவள்ளுவர் சிலை பதினெட்டு ஆண்டுகள் மூடியே கிடந்தது. 2009 ஆகஸ்டு 9-இல் அது திறக்கப்பட்டது. நான்கு நாள் கழித்துச் சென்னையில் கன்னடப் புலவர் சர்வக்ஞர் சிலை திறக்கப்பட்டது. சட்டம் தந்த உரிமையை நட்பே நிலைநாட்டிற்று.

ஆதலின் அன்பர்களே! அடுத்த குடியரசு நாளில் கொடியின் கீழ் நிற்கும்போது நம் பிள்ளைகட்கு இரண்டினைக் கூறுவோம். ஒன்று: இம்மண்ணில் வாழ்தல் எவரும் இட்ட பிச்சையன்று, அரசமைப்பு அளித்த உரிமை. மற்றொன்று: நமக்குச் சோறிடும் நாட்டின் கன்னட மொழியைக் கற்று மதித்தல் நம் கடமை. தாய்மொழியை வீட்டிலும் சங்கத்திலும் வளர்ப்போம்; கன்னடத்தை மன்றிலும் தெருவிலும் போற்றுவோம். இவ்விரண்டும் இசைந்த வாழ்வே குடியரசு நாளுக்கு நாம் செய்யும் சிறப்பாகும்.

வாழ்க தமிழ்! வாழ்க கன்னடம்! வாழ்க குடியரசு!