ரயட் ஆக்ட் வாசித்த கதை

சண்டிகருக்கு வேலைக்கு வந்த புதிது. டெலிவரி தள்ளிப்போன கடுப்பில் இருந்த எங்கள் மேனேஜர், "அந்த வெண்டார் ஆட்களைக் கூப்பிடு, ஐ வில் ரீட் தெம் தி ரயட் ஆக்ட்" என்றார். எனக்குப் பகீர் என்றது. கலவரச் சட்டம் பாயும் அளவுக்கு அவர்கள் என்ன செய்துவிட்டார்கள்? பக்கத்து சீட் சர்தார்ஜியிடம் என் ஓட்டை இந்தியில், "போலீசுக்குச் சொல்லியாச்சா?" என்று கேட்டுத் தொலைத்தேன். மனிதர் சாப்பாட்டு நேரம் வரை சிரித்தார். நம்மூரில் டோஸ் விடுவது என்போமே, அதேதானாம். 'இத்தோட நிறுத்திக்கோ, இல்லேன்னா நடக்கறதே வேற' என்கிற ரகம்.

ஆனால் அப்படி ஒரு சட்டம் நிஜமாகவே இருந்திருக்கிறது. நிஜமாகவே வாசித்தும் இருக்கிறார்கள்.

1714ல் ஜெர்மனியிலிருந்து வந்த முதலாம் ஜார்ஜ் பிரிட்டனின் அரசரானார். பிடிக்காதவர்கள் ஊருக்கு ஊர் கலாட்டா செய்தார்கள். அதை அடக்கப் போட்ட சட்டம் 1715 ஆகஸ்ட் 1ல் அமலுக்கு வந்தது. 12 பேரோ அதற்கு மேலோ கூடிக் கலகம் செய்தால், மாஜிஸ்ட்ரேட் அவர்கள் முன்னால் போய், அரசர் பெயரால் கலைந்து போகச் சொல்லும் அறிவிப்பை உரக்க வாசிக்க வேண்டும். ஒரு மணி நேரம் கழித்தும் நின்றால் மரண தண்டனை. (1837ல்தான் அது நாடு கடத்தலாகக் குறைந்தது.) கலைக்கும்போது யாராவது செத்தால் கலைத்தவர் மேல் குற்றமில்லை. வாசகத்தில் பிசகவும் கூடாது. கடைசியில் வரும் 'கடவுள் அரசரைக் காப்பாராக' விட்டுப்போனதால் 1830ல் ஒரு வழக்கே நிற்கவில்லை!

காதில் விழுந்ததா என்பது வேறு கதை. 1819 ஆகஸ்ட் 16 அன்று மான்செஸ்டரில் ஓட்டுரிமை கேட்டுச் சுமார் 60,000 பேர் கூடியிருந்தார்கள். ஒரு வீட்டு ஜன்னல் வழியாக வாசித்துவிட்டோம் என்றார்கள் மாஜிஸ்ட்ரேட்டுகள். கூட்டத்தில் அநேகம் பேருக்கு அது கேட்கவே இல்லை. குதிரைப்படை வாளோடு உள்ளே புகுந்தது. பத்துக்கு மேற்பட்டோர் செத்தார்கள், நூற்றுக்கணக்கானோருக்குக் காயம். பீட்டர்லூ படுகொலை என்பது இதைத்தான்.

1919 ஜனவரி 31ல் கிளாஸ்கோவில் வேலை நிறுத்தக்காரர்கள் முன்னால் ஷெரிஃப் வாசிக்க ஆரம்பித்தார். பாதியிலேயே அவர் கையிலிருந்த காகிதத்தை யாரோ பிடுங்கிவிட்டார்கள். 1967ல் இங்கிலாந்தில் சட்டத்தையே எடுத்துவிட்டார்கள். மரபுத்தொடர் மட்டும் மேனேஜர்கள் வாயில் தங்கிவிட்டது.

அந்த 1919ஆம் வருஷம்தான் எனக்கு உறுத்துகிறது. சண்டிகரிலிருந்து அமிர்தசரஸ் சில மணி நேரப் பயணம். ஜாலியன்வாலா பாகின் குறுகிய சந்து வழியாக நடந்து உள்ளே போயிருக்கிறேன். ஏப்ரல் 13 காலையில் ஊருக்குள் தமுக்கடித்துக் கூட்டத்துக்குத் தடை என்று அறிவித்தார்கள். பல தெருக்களுக்கு அந்தச் சேதி எட்டவில்லை. சாயங்காலம் அந்தச் சந்து வழியே வந்த டயர் எதையும் வாசிக்கவில்லை. ஒரு மணி நேரமும் தரவில்லை. பத்து நிமிஷம், 1,650 ரவுண்டு. அரசாங்கக் கணக்கிலேயே செத்தவர்கள் 379 பேர்.

கலைந்து போகச் சொன்னீர்களா என்று ஹண்டர் கமிட்டி விசாரித்தபோது, இல்லை என்றே ஒப்புக்கொண்டார் டயர்.