சிவப்பு வாய் நத்தையும் அதுக்கு வைத்த பெயர்களும்

கம்பளைப் பக்கம் மழை விட்டதும் பழைய பலா மரத்து அடியில கொஞ்சம் நின்று பார்த்தா, சில நேரம் ஒரு நத்தை கண்ணில் படும். கொஞ்சம் தட்டையான உருண்டை ஓடு, பழுப்புச் சிவப்பு நிறம், வாய் விளிம்பு மட்டும் தடித்து, வெளியே மடிந்து, உதட்டுக்குச் சாயம் பூசின மாதிரி. இலங்கையைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஒரு பேரினம் இது. பெயர் அகாவஸ். நம்ம ஆட்கள் கண்டதும் உப்பை எடுக்கிறார்கள். அது ஏன் என்று கேட்டால் கதை 1758-க்குப் போகிறது.

அந்த வருடம் சுவீடனில் லின்னேயஸ் தன் 'சிஸ்டமா நாத்தூரே' பத்தாம் பதிப்பில் இந்த வகை நத்தை ஒன்றுக்கு ஹெலிக்ஸ் ஹேமாஸ்டோமா என்று பெயர் வைத்தார். ஹேமாஸ்டோமா என்றால் இரத்த வாய். நல்ல பெயர்தான். ஆனா ஹெலிக்ஸ் என்பது ஒரு பெரிய கூடை மாதிரி. ஓடு சுருண்டிருந்தால் போதும், எந்த நாட்டு நத்தையும் அதுக்குள்ள விழும். 1810-ல் மோன்ஃபோர்ட் என்ற பிரெஞ்சுக்காரர்தான் அகாவஸ் என்று தனிப் பெயர் கொடுத்தார்.

இதுக்கிடையில் நம்ம ஊர்ப் பக்கம் வேறொன்று தொடங்குகிறது. 1820-களில் ஜோர்ஜ் பேர்ட் கம்பளை சிங்ஹாபிட்டியவில் கோப்பி போட்டார். மலையக வரலாறு படிக்கிறவர்களுக்கு இது மனப்பாடம். காடு வெட்டப்பட்டது, எங்கள் ஆட்கள் கூலிகளாக வந்தார்கள். காட்டுக்குள்ள பாதை விழுந்ததும் சேகரிப்பாளர்களும் வந்தார்கள். 1840-களின் பின்பகுதியில் இங்கே அரச சேவையில் இருந்த எட்கர் லேயார்ட் பறவைகளோடு நத்தைகளையும் சேர்த்தார். அந்த ஓடுகள் கப்பலேறிப் போயின. அதில் பலவற்றுக்குப் பெயர் வைத்தவர், வங்காளத்தில் கிழக்கிந்தியக் கம்பனி அதிகாரியாக இருந்த வில்லியம் பென்சன். ஜெர்மனியின் காசல் நகரத்து மருத்துவர் லூயி பைஃபர் 1850-ல் சுப்பர்பஸ், 1854-ல் ஃபீனிக்ஸ் என்று இரண்டு அகாவஸ்களுக்குப் பெயர் கொடுத்தார். மரத்திலிருந்து அதைப் பிடுங்கிக் கொடுத்த கை யாருடையது? விஞ்ஞானப் பெயருக்குப் பக்கத்தில் அந்தக் கைக்கு இடம் கிடையாது.

(நமக்குத் தெரிந்த ஒரு பெயரும் இந்தப் பட்டியலில் இருக்கு. பளபளப்பான ஓடுள்ள ஓர் இலங்கை நத்தைப் பேரினத்துக்கு கோட்வின்-ஆஸ்டன் வைத்த பெயர் ராவணா!)

ஓட்டை மட்டும் வைத்து வகைப்படுத்தினால் ஒரு சிக்கல். அகாவஸ் ஓட்டின் நிறம் இடத்துக்கு இடம் மாறும். நிறம் மாறினதும் புதுப் பெயர் என்று போனால் முடிவே இல்லை. 1890-களில் பில்ஸ்பிரி என்ற அமெரிக்கர் நத்தையின் உள்ளே பார்த்தார், இனப்பெருக்க உறுப்புகள், முட்டை. அகாவஸ் முட்டை பெரிசு, ஒரு சென்ரிமீற்றர் அளவுக்கு வரும். அந்த மாதிரி பெரிய முட்டை இடுகிற, உள்ளுறுப்பும் ஒத்துப்போகிற நத்தைகள் எங்கே இருக்கு தெரியுமா? பக்கத்து இந்தியாவில் இல்லை. மடகஸ்காரிலும் சீஷெல்ஸ் தீவுகளிலும் இருக்கு. கண்டங்கள் நகரும் என்று வெகெனர் சொல்லப் போவது 1912-ல்தான். இன்று அதை கொண்டுவானாப் பெருநிலத்தின் மிச்சம் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். கடலைத் தாண்ட முடியாத ஒரு பிராணியின் சொந்தக்காரர்கள் கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பதை அன்றைக்குப் பார்த்தவர்களுக்கு எவ்வளவு குழப்பமாக இருந்திருக்கும்!

2000-ல் ஹவுஸ்டோர்ஃப், பெரேரா இருவரும் அகாவஸை முழுதாக மறுபடி ஆராய்ந்து மூன்றே இனங்கள் என்றார்கள். ஹேமாஸ்டோமா தென்மேற்குக் கரையோரத்தில், சுப்பர்பஸ் சிங்கராஜா போன்ற தெற்கு மழைக்காடுகளில். கண்டிப் பக்கம் இருப்பது ஃபீனிக்ஸ்.

இனி அந்த உப்பு விஷயம். இலங்கை நத்தைகளுக்குப் பெயர் வைத்த அதே பென்சன், மொரீஷியசிலிருந்து ஆபிரிக்க இராட்சத நத்தைகளைக் கல்கத்தாவுக்குக் கொண்டுபோனார். 1847-ல் அவை அங்கே ஒரு தோட்டத்தில் விடப்பட்டன. 1900-ஐ ஒட்டி அது இலங்கைக்கும் வந்து சேர்ந்தது. மரக்கறிப் பாத்திகளைத் தின்று தீர்ப்பது அதுதான். அது மேல ஏற ஏற ஒடுங்கிக் கூராகும் நீள ஓடு, பழுப்புக் கோடுகள், வாய் விளிம்பு மெல்லிசு, மடிப்பே இல்லை. ஒரு தடவை பார்த்துப் பழகினால் சின்னப் பிள்ளைகூட பிரித்துச் சொல்லும். ஆனா பெரிய நத்தை என்றாலே ஆபிரிக்க நத்தை என்று முடிவாகிப் போச்சு.

இதை எழுதும்போது 'வந்தேறி' என்ற சொல்லில் என் கை நிற்கிறது. 1948-ல் குடியுரிமை பறிக்கப்பட்ட ஆட்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். நத்தைக்கு அது உயிரியல் சொல், எங்களுக்கு அதை வைத்தது சட்டம். இரண்டையும் ஒன்றாக்கக் கூடாது என்றே நினைக்கிறேன். பாத்தியைக் காப்பாற்ற ஆபிரிக்க நத்தையைப் பொறுக்கத்தான் வேண்டும்.

1990-களின் முடிவிலிருந்து பேராதனைப் பல்கலைக்கழக ஆட்களும் இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகமும் சேர்ந்து நடத்திய கணக்கெடுப்பில், இலங்கையில் சுமார் 250 தரை நத்தை இனங்கள் என்றும், ஐந்தில் நான்கு இங்கே மட்டுமே உள்ளவை என்றும் தெரிய வந்தது. பெரும்பாலானவைக்கு ஈரமும் நிழலும் வேண்டும், தேயிலைச் செடி அதைத் தராது. ஃபீனிக்ஸ் மட்டும் பழைய மரங்கள் நிற்கிற வீட்டுத் தோட்டங்களிலும் சமாளித்துக்கொள்கிறது. ஆபிரிக்க நத்தை ஒரு தடவைக்கு நூறுக்கு மேலும் முட்டை போடும். ஃபீனிக்ஸ் போடுவது ஒரு சிலதான்.