கடலூர்க் கடலில் கருவான பினாங்கு

பினாங்கு பிறந்த கதையைக் கேட்டால் வெள்ளிக்காசுக் கதையைத்தான் சொல்வார்கள். ஆங்கிலேய வணிகர் பிரான்சிஸ் லைட் பீரங்கியில் காசை நிரப்பிக் காட்டுக்குள் சுட்டாராம். அதைப் பொறுக்கப் போனவர்கள் காட்டையே வெட்டித் தீர்த்தார்களாம். சுவையான கதைதான். ஆனால் அந்தக் காட்டுத் தீவு ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எதற்கு? அதற்கு விடை சோழமண்டலக் கரையில் நடந்த அமெரிக்கப் போரில் இருக்கிறது.

அமெரிக்க விடுதலைப் போர் அமெரிக்காவோடு நின்றது, 1781 அக்டோபரில் யார்க்டவுனில் ஆங்கிலத் தளபதி கார்ன்வாலிஸ் சரணடைந்ததும் முடிந்தது என்றே பலரும் நினைக்கிறோம். இரண்டும் தவறு. 1778இல் பிரான்சு அமெரிக்கர் பக்கம் சேர்ந்ததும் சண்டை நம் ஊருக்கும் வந்துவிட்டது. அந்த ஆண்டே ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தார்கள். மறு ஆண்டு மாஹேயையும் பிடிக்க, மைசூரின் ஹைதர் அலி கொதித்தெழுந்தார். 1782இல் மட்டும் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேனும் ஆங்கிலத் தளபதி எட்வர்ட் ஹியூசும் சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம், திருகோணமலை முதலிய இடங்களில் நான்கு முறை கடலில் மோதினார்கள்.

ஹியூசுக்குப் பிரெஞ்சுக்காரர்களைவிடப் பெரிய எதிரி ஐப்பசி மாதம். சென்னையில் அப்போது துறைமுகமே கிடையாது. கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்கும். ஆளும் மூட்டையும் மசூலாப் படகில் அலை தாண்டித்தான் கரையேற வேண்டும். வாடைக்காற்று கிளம்பிவிட்டால் அங்கே கப்பல் தங்காது. ஒதுங்கக் கைவசம் இருந்த திருகோணமலையையும் ஆகஸ்டு கடைசியில் சுஃப்ரேன் பறித்துக்கொண்டார். வேறு வழியில்லாமல் ஹியூஸ் அக்டோபர் நடுவில் கிளம்பி, புயலில் அடிபட்டு, பழுது பார்க்க இலங்கையைச் சுற்றிப் பம்பாய்க்குப் போனார். சோழமண்டலக் கரை மாதக்கணக்கில் காவலின்றிக் கிடந்தது. சுஃப்ரேனோ கிழக்கே சுமத்ராவின் அச்சேயில் ஒதுங்கிக் கப்பல்களைத் தேற்றிக்கொண்டார்.

கடைசிச் சண்டை கடலூரில் நடந்தது. 1783 ஜூன் 13 அன்று தரையில். 20 அன்று கடலில். சமாதானச் சேதி வந்து சேர்ந்தது மாதக் கடைசியில். ஐரோப்பாவிலோ பிரிட்டனும் பிரான்சும் ஜனவரி 20ஆம் தேதியே பூர்வாங்க ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தன. முடிந்துபோன போருக்காகக் கடலூரில் ஆட்கள் செத்தார்கள்.

திருகோணமலை, முன்பு அதை வைத்திருந்த டச்சுக்காரர்களிடம் திரும்பிப் போனது. வங்கக் கடலின் கிழக்குப் பக்கம் ஒரு துறைமுகம் இல்லாமல் அடுத்த போரைத் தாங்க முடியாது என்பது கம்பெனிக்கு உறைத்தது. சீனத் தேயிலைக் கப்பல்கள் தங்கவும் இடம் தேவைப்பட்டது. மலாய்க் கரையின் கெடா பக்கம் ஓர் இடம் பிடிக்கலாம் என்று பல ஆண்டுகளாக லைட் சொல்லி வந்தது இப்போதுதான் எடுபட்டது. பினாங்குத் தீவுக்கும் கெடாக் கரைக்கும் இடையே அலையடங்கிய நீர்வழி. மழைக்காலத்திலும் கப்பல் நிற்கலாம். 1786 ஜூலை 17 அன்று அங்கே இறங்கிய லைட், ஆகஸ்டு 11 அன்று கொடியேற்றினார்.

இடம் கொடுத்த கெடா சுல்தான் அப்துல்லா, சயாமுக்கு எதிராகப் படை உதவியை எதிர்பார்த்தார். அது வரவே இல்லை. 1791இல் தீவை மீட்க முயன்று தோற்றார். ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய வெள்ளி என்ற ஒப்பந்தம்தான் மிஞ்சியது. கெடாவில் முன்பே வியாபாரம் செய்துவந்த சூலியா என்னும் தமிழ் முஸ்லிம்கள் புதிய துறைக்கு வந்து குடியேறினார்கள். சூலியா தெரு இன்றும் அவர்கள் பெயரில் இருக்கிறது.

லைட் இறங்கிய முனையில் முதலில் நிபோங் பனைத் தண்டுகளை நட்டு ஒரு வேலி எழுந்தது. பிறகு கைதிகளின் உழைப்பில் செங்கல்லும் கருங்கல்லுமாகக் கோட்டை வந்தது. அதன் பெயர் கார்ன்வாலிஸ் கோட்டை. யார்க்டவுனில் சரணடைந்த அதே கார்ன்வாலிஸ்தான். அந்தத் தோல்வி அவரை ஒழித்துவிட்டது என்பதும் தவறான எண்ணம். ஐந்தே ஆண்டில், பினாங்கில் கொடியேறிய மறுமாதமே, கவர்னர் ஜெனரலாகக் கல்கத்தாவில் வந்து இறங்கினார்.

இத்தனை கணக்குப் போட்டும் பினாங்கு பெரிய கடற்படைத் தளமாகவில்லை. 1795இல் திருகோணமலையே ஆங்கிலேயர் கைக்கு வந்துவிட்டது. கோட்டையும் ஒரு போரைக்கூடப் பார்க்கவில்லை. போருக்கென்று பிறந்த ஊரை வியாபாரிகள்தான் வாழவைத்தார்கள்.