பழைய படங்கள் பகரும் வரலாறு

நம் மக்களின் வரலாற்றை அரசர்தம் கல்வெட்டுகளில் தேடினால் கிடைப்பது சிறிதே. அது பெரும்பாலும் பெரியோர் நினைவிலும், வீட்டுச் சுவரில் மாட்டிய பழைய புகைப்படங்களிலுமே தங்கியுள்ளது. நம் சங்கம் வெள்ளிவிழாக் காணும் இவ்வேளையில், அப்படங்களின் அருமையை இளைஞர்க்கு எடுத்துரைப்பது நம் கடமை எனக் கருதுகின்றோம்.

சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளராயிருந்த எட்கர் தர்ஸ்டன் என்னும் ஆங்கிலேயர், 1909இல் தென்னிந்தியச் சாதிகளைப் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். தலையையும் மூக்கையும் கருவி கொண்டு அளந்து மக்களை வகைப்படுத்தியவர் அவர். அத்தொகுதிகளின் படங்களுக்குக் கீழே சாதிப் பெயர் காணப்படும். நிற்பவரின் சொந்தப் பெயரோ பெரும்பாலும் இராது. உழைத்து வாழ்ந்த மனிதர் அங்கே வெறும் மாதிரிகளாயினர்.

நம் இல்லத்துப் படங்கள் அத்தகையன அல்ல. அவை நம் முன்னோர் தாமே விரும்பி, கூலியில் மிச்சம் பிடித்த காசைக் கொடுத்து எடுத்துக்கொண்டவை. கோலார் தங்கவயலிலும் இலங்கைத் தோட்டங்களிலும் இரங்கூனிலும் உழைத்தோர் ஊருக்கு அனுப்பியவையும் அவற்றுள் உண்டு.

அவற்றை ஊன்றி நோக்குக. உடலிலே சட்டை, காலிலே செருப்பு, கையிலே குடை. இவற்றை வெறும் ஆடம்பரம் என்று எண்ணற்க. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்மீது எட்டுத் தடைகளை விதித்தனர். ஆண்கள் சட்டை அணியலாகாது, குடை பிடிக்கலாகாது, செருப்பு அணியலாகாது. பெண்கள் மேலாடை உடுத்தலாகாது, பூச்சூடலாகாது. வீட்டில் மட்பாண்டமன்றி வேறு கலம் புழங்கலாகாது என்பன அவற்றுட் சில. மீறியோரின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. 1931ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராயிருந்த ஹட்டன் இக்கொடுமையைத் தம் நூலில் பதிந்துள்ளார். இதனை அறிந்தபின் அச்சட்டையையும் குடையையும் காண்போர்க்கு, அவை உரிமைக் குரலாகவே தோன்றும்.

எனினும் படம் தானாகப் பேசாது. பொதுக்கிணற்றருகே வெறுங்குடத்துடன் பிறர் நீர் வார்க்கும்வரை காத்து நின்றதும், களத்துமேட்டில் கூலி நெல்லுக்காக இருட்டும்வரை இருந்ததும், அரிக்கேன் விளக்கைச் சுற்றியமர்ந்து இரவுப் பள்ளியில் அரிச்சுவடி கற்றதும் எப்படத்திலும் இல்லை. அவை முதியோர் சொல்லில் மட்டுமே வாழ்கின்றன.

நம் பள்ளி மாணவரிடம் முன்னோர் பெயர்களை எழுதிவரப் பணித்தோம். பாட்டனார் பெயரைப் பலர் எழுதினர். பாட்டியின் தாயார் பெயரை எழுதியவர் மிகச் சிலரே. நாற்று நட்டும் களை பறித்தும் குடும்பத்தைத் தாங்கிய பெண்களின் பெயர்களே முதலில் மறைகின்றன.

ஆகவே இளைஞர்காள், இவ்வாண்டே ஒன்று செய்க. வீட்டுப் படத்தைக் கையிலெடுத்து முதியோர் அருகில் அமர்க. ஒவ்வொரு முகத்துக்கும் உரிய பெயர், ஊர், தொழில், ஆண்டு ஆகியவற்றைக் கேட்டு, படத்தின் பின்புறம் பென்சிலால் மெல்ல எழுதுக. படி ஒன்று எடுத்து நம் சங்க நூலகத்தில் சேர்ப்பிக்க. சொல்ல வல்லார் இன்று நம்மிடையே உள்ளனர். அடுத்த விழாவரை அவர்கள் இருப்பர் என்பதற்கு உறுதியில்லை.